கேலண்டர் இருந்த சுவர்

அத்தை,

கூடத்தில் பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. கார்த்திகை தீபம் முடிந்து, வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்கள். இன்றுதான் ஃபேனைப் போட்டுக்கொண்டு தனியாக உட்கார்ந்தேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் உங்கள் ஞாபகம் வந்துவிட்டது. இந்த வெள்ளைச் சுவரைப் பார்த்திருந்தால் உதட்டைப் பிதுக்கி, "ஆஸ்பத்திரி மாதிரி இருக்குதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போயிருப்பீர்கள்.

உங்களிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கொஞ்சம் சண்டையும் போட வேண்டும்.

நான் மருமகளாக வந்த பதினெட்டு வருடத்தில் நமக்குள் இருந்தது ஒரே சண்டைதான். சமையலில் இல்லை, பிள்ளை வளர்ப்பில் இல்லை, எல்லாம் இந்தக் கூடத்துச் சாமான்களால். ஷோகேஸ் நிறைய மூக்கு உடைந்த பொம்மைகளும், யார் யார் கல்யாணத்திலோ கொடுத்த பேர் வெட்டிய தட்டுகளும். வீட்டுப் போன் போய்ப் பல வருடம் ஆகியும் போன் ஸ்டூல் மட்டும் போகவில்லை. அதன் மேல் லேஸ் துணி, துணியின் மேல் தூசி படிந்த பிளாஸ்டிக் ரோஜா. சமையலறை வாசலில் பாசிமணித் திரை. தட்டோடு வெளியே வரும்போதெல்லாம் என் தலைமுடியைப் பிடித்து இழுக்கும். அதற்குப் பக்கத்துச் சுவரில், ஒரே ஆணியில், வருடத்துக்கு ஒன்றாக மாட்டி மாட்டித் தலையணை கனத்துக்குத் தொங்கிய கேலண்டர்கள்.

"போன வருஷத்து கேலண்டரையாவது எடுத்துடலாம் அத்தை."

"சாமி படம்மா. தூக்கிப் போடக் கூடாது."

"தூக்கிப் போட வேணாம். கிரிவலப் பாதையில மரத்தடியில வச்சிட்டு வரேன். எல்லாரும் அங்கதான வைக்கறாங்க."

"நம்ம வீட்டுச் சாமி வெயில்லயும் மழையிலயும் கெடக்கணுமா?"

இந்த ஊரில் அதற்குமேல் யார் என்ன பேச முடியும்? வாயை மூடிக்கொள்வேன். ஆனால் என் தங்கையிடம் போனில் பேசும்போது நம் வீட்டைக் காயலான் கடை என்றுதான் சொல்வேன். ஒருமுறை அது உங்கள் காதில் விழுந்துவிட்டது. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் கோபப்படவில்லை. "ஆமாம்மா, எனக்கு எதையும் விட மனசு வராது. அல்பம்" என்று சிரித்துக்கொண்டு துவரம்பருப்பைப் புடைக்கப் போய்விட்டீர்கள்.

இன்னொன்றுக்கும் உங்களைக் கேலி செய்திருக்கிறோம். காலையில் பேப்பர் வந்ததும் மாமாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலைப்பிலிருந்து வரி விளம்பரம் வரை சத்தமாகப் படிப்பீர்கள். "மனசுக்குள்ள படிக்கக் கூடாதாம்மா?" என்று உங்கள் மகன் கடிந்துகொள்வார். "வாய்விட்டுப் படிச்சாத்தான்டா எனக்குப் புரியும்" என்பீர்கள். மாமா கண்ணை மூடிக்கொண்டு, "மேல படி" என்பார். கீழ்பென்னாத்தூரில் முப்பது வருடம் பத்திரம் எழுதியவர், மனைவி எழுத்துக்கூட்டிப் படிப்பதை எவ்வளவு பொறுமையாகக் கேட்கிறார் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன ஐப்பசியில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். அதற்கு அடுத்த வாரமே மாமா பேப்பரை நிறுத்தச் சொன்னார். "படிக்கப் புடிக்கலம்மா" என்றார். துக்கம் என்று நினைத்தோம். அந்த வருடம் எங்களுக்குப் பண்டிகை இல்லை. இந்த ஐப்பசியில் வருஷத் திதி முடிந்ததும், தீபத்துக்குள் கூடத்தை ஒழித்துச் சுண்ணாம்புக் காலத்திலிருந்து மீட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மாமாவிடமும் கேட்டேன். நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டே, "உன் இஷ்டம்மா" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரே வாரம். ஷோகேஸ் எதிர்வீட்டுக்குப் போனது. பாசிமணித் திரை சாக்குக்குள், ஸ்டூல் மொட்டை மாடிக்கு. கேலண்டர்களை மட்டும் மஞ்சள் துணியில் கட்டி, அடி அண்ணாமலைக்குப் போகும் வழியில் ஓர் அரசமரத்தடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன். பெயின்ட்டர் ஆணியைப் பிடுங்கி, ஓட்டையை அடைத்துப் பட்டி பார்த்தார். சுவர், கதவு, நிலை எல்லாம் ஒரே வெள்ளை. கூடம் இரண்டு மடங்கு பெரிதாகிவிட்டது போல் இருந்தது. போட்டோ எடுத்துத் தங்கைக்கு அனுப்பினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மறுநாள் காலை எட்டு மணி இருக்கும். நல்ல வெயில் கூடத்தில் விழுந்துகொண்டிருந்தது. சமையலறைக்கு இறங்கும் படியில் தடால் என்று சத்தம். ஓடி வந்து பார்த்தால், மாமா கீழே விழுந்து கிடக்கிறார். தூக்கி உட்கார வைத்தேன். ஒரு மணிக்கட்டு அதற்குள் வீங்கிவிட்டது. இன்னொரு கையால் சுவரைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"பாத்து வரக் கூடாதா மாமா?" என்றேன்.

"இங்க கேலண்டர் இருக்குமே" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. புரிந்ததும் அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏழு வருடமாம், அத்தை. ஓரத்திலிருந்து பார்வை போக ஆரம்பித்து, இப்போது நடுவில் ஒரு காசளவுக்கு மட்டும் மங்கலாகத் தெரிகிறதாம். ஸ்டூலில் கை பட்டால் திரும்ப வேண்டும். கேலண்டர் பட்டால் படி வரப்போகிறது. திரையின் மணி சத்தம் கேட்டால் காலை இறக்கலாம். உங்கள் காயலான் கடை முழுவதும் அவருக்கு வழி. அது தெரியாமல் நான் பெயின்ட் அடித்து அழித்துவிட்டேன்.

"யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு நான்தான் அவகிட்ட சத்தியம் வாங்கினேன்" என்றார். "எழுத்து கலைய ஆரம்பிச்ச அன்னைக்கே பேனாவ மூடிட்டேன். ஆனா கண்ணு போச்சுன்னு தெரிஞ்சா, நான் எழுதின பத்திரத்தையெல்லாம் சனம் சந்தேகப்படும்மா."

மணிக்கட்டுக்குக் கட்டுப் போட்ட கையோடு கூட்டிப்போன கண் ஆஸ்பத்திரியில், போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார்கள். முன்னாடியே வந்திருந்தால் இன்னும் நிறைய மிஞ்சியிருக்குமாம். அப்போது எனக்கு உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஆட்டோவில் வரும்போது, "அத்தையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்" என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். மாமா வெளியே பார்ப்பது போல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அவ தெனம் கூப்புட்டா. நான்தான் வரல."

அத்தோடு என் கோபத்தில் பாதி போயிற்று. மீதி இருக்கிறது. என்னிடம் மட்டும் சொல்லியிருக்கலாம் அத்தை. நான் உங்களை அல்பம் என்று நினைத்துக்கொண்டே அத்தனை வருடம் உங்கள் கையால் சாப்பிட்டிருக்க மாட்டேன்.

அன்று மதியமே கிரிவலப் பாதைக்கு ஓடினேன். மூட்டை வைத்த இடத்திலேயே, ஊராரின் சாமிகளோடு கிடந்தது. எடுத்துக்கொண்டு திரும்பியபோது பூக்காரம்மா தடுத்தார். "வச்சத எடுக்கக் கூடாதும்மா."

"வீட்ல தேடறாங்க" என்றேன்.

பிறகு ஒரு வாரம் மாமா நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எதில் கை போகிறதோ அதைத் திரும்ப வைத்தேன். ஆணி, ஸ்டூல், மணித் திரை வந்தன. லேஸ் துணியும் ரோஜாவும் வரவில்லை. கதவு நிலைகளுக்கும் படி விளிம்புக்கும் அடர்ந்த காவி அடித்தோம். வெள்ளைச் சுவரில் அவை அவருக்கு நன்றாகவே தெரிகின்றன. நடுக்கூடம் காலியாக இருப்பதும் அவருக்கு வசதியாம். ஆகவே எல்லாமே அவருக்காகத்தான் என்று நீங்கள் சாதிக்க முடியாது. அலமாரி மேல் மூடி இல்லாமல் கிடந்த பதினோரு டப்பாக்களுக்கு நீங்களே பொறுப்பு.

உங்கள் மகனிடம் சொன்னேன். மற்றவர்களிடம் சொல்ல வேண்டாம் என்று மாமா கேட்டுக்கொண்டார். "பொண்ணுக்குத் தெரிஞ்சா கையப் புடிச்சிக்கினே நடத்துவா. எனக்கு வேணாம்." தினம் இரண்டு வேளை சொட்டு மருந்து, கூப்பிட்ட நாளில் டாக்டர் என்றால் நானும் வாயைத் திறக்க மாட்டேன் என்றேன். இது வரைக்கும் ஒழுங்காகத்தான் இருக்கிறார்.

தீபத்துக்கு உங்கள் மகள் குடும்பத்தோடு வந்தார். கூடத்தைப் பார்த்து வாயெல்லாம் பல். பத்து நிமிடத்தில் மணித் திரை அவர் முடியைப் பிடித்தது. "எல்லாத்தையும் எடுத்துட்டு இந்தக் கண்றாவிய மட்டும் ஏன் வச்சிருக்க?" என்றார். ஸ்டூலை ஓரமாகத் தள்ளினார். நான் திரும்ப இழுத்து வைத்தேன். மறுபடி தள்ளினார், மறுபடி வைத்தேன். கடைசியில் கேலண்டர் கட்டின் மேல் கை வைத்தார்.

"இதயாவது கழட்டட்டுமா?"

"சாமி படம் அண்ணி. எடுக்கக் கூடாது."

"எங்கம்மாவே தேவலாம் போல" என்றார். கூடமே சிரித்தது. நானும் சிரித்தேன். அல்பம் என்று உங்களுக்கு இருந்த அந்தப் பேர் இனி எனக்கு அத்தை; மாமா இருக்கும் வரை அதை யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

எல்லாரும் என்னைக் கேலி பேசிக்கொண்டிருந்தபோது மாமா கை கழுவ எழுந்தார். ஸ்டூலைத் தொட்டார், கேலண்டரைத் தொட்டார், திரையை விலக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.