தாராளக் கட்சி, சிக்கனக் கட்சி, ஒரு இழைப்பு மெஷின்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே மச்சானோடு சண்டை. பட்டறைக் கதவைத் திறந்து விளக்கைக்கூடப் போடவில்லை, ஆரம்பித்துவிட்டார். நேற்று டிவியில் பட்ஜெட் விவாதம் பார்த்திருக்கிறார். நானும் பார்த்தேன். விளங்குமா?

“ஏன் மாப்ள, உங்க ஆளுங்க நாட்டையே அடகு வச்சிடுவாங்க போலிருக்கே?”

“அடகு வச்சாவது வேலை குடுப்பாங்க மச்சான். உங்க ஆளுங்க பெட்டியைப் பூட்டிச் சாவியை முழுங்கிட்டு உக்காந்திருப்பாங்க.”

மச்சான் என் மனைவியின் அண்ணன். பட்டறை எங்கள் இருவருக்கும் பாதிப் பாதி. மேசை, நாற்காலி, கட்டில் செய்கிறோம். செய்தோம் என்று எழுதுவதுதான் சரி. ஊரில் தொழில் படுத்ததிலிருந்து உடைந்த கால்களுக்கு ஆணி அடித்துக்கொண்டிருக்கிறோம். நாற்காலிக் கால்களுக்கு.

அரசாங்கம் கடன் வாங்கியாவது செலவு செய்ய வேண்டும், அப்போதுதான் ஜனங்கள் கையில் காசு புரளும் என்பது என் கட்சி. முதலில் கடனை அடை, பற்றாக்குறையைக் குறை, தொழில் தானாக நிமிரும் என்பது அவர் கட்சி. என் மகள் எங்களுக்குப் பெயரே வைத்துவிட்டாள். நான் தாராளம். அவள் மாமா சிக்கனம்.

பற்றாக்குறை என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வீட்டுக்கு அது மாதாமாதம் இருபதாம் தேதி வரும். எத்தனை சதவீதம் என்று டிவிக்காரர் விளக்கும்போதுதான் டீ குடிக்க எழுந்துவிடுகிறேன். பத்தாவதில் கணக்குக்கு வாங்கிய மார்க்கை இந்த நோட்டில்கூட எழுத மாட்டேன்.

மார்ச் 7

பலகையை வழவழப்பாக்கும் இழைப்பு மெஷின் மறுபடி திணறுகிறது. உருளை தேய்ந்துவிட்டதால் பலகையைத் தானாக இழுப்பதில்லை. நான் இந்தப் பக்கம் தள்ள, மச்சான் அந்தப் பக்கம் நின்று இழுக்க வேண்டும். அது போடும் கூச்சலில் பேச்சு கேட்காது என்பதால் பலகையில் தட்டிக்கொள்வோம். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் வரட்டும்.

புது மெஷின் வாங்க வேண்டும் என்கிறார் மச்சான். அதுவும் கடன் வாங்கி!

“அது தானாவே இழுக்கும் மாப்ள. ஒரு ஆள் போதும்.”

“வேலையே இல்ல, மெஷின் எதுக்கு மச்சான்?”

“வேலை இல்லாதப்ப கடன் வாங்கி மெஷின் போட்டாத்தான், வேலை வர்றப்ப செய்ய முடியும். வயித்தைக் கட்டிக்கிட்டே இருந்தா, சாப்பாடு வர்ற அன்னிக்கு மெல்றதுக்குப் பல்லு இருக்காது.”

“இருக்கிறதை எண்ணெய் போட்டு ஓட்டுவோம். முதல்ல வேலை வரட்டும்.”

சாப்பாடு கொண்டுவந்த மகள் வாசலிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். “ரெண்டு பேரும் எப்ப கட்சி மாறுனீங்க?” என்றாள்.

“அரசாங்கம் வேற, பட்டறை வேற” என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். இந்த வருஷம் நாங்கள் ஒத்துப்போன முதல் விஷயம்.

மார்ச் 12

முற்றிவிட்டது. டீக்கடையில் நாலு பேர் முன்னால் மச்சான் சொன்னார்: “சொந்தப் பட்டறையில ஒரு மெஷின் வாங்கப் பயப்படுறவரு, அரசாங்கத்தை அள்ளி விடச் சொல்றாரு.”

சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் கிடையாதே. “கடன் வாங்குனா பேரப்பிள்ளை தலையில விடியும்னு மேடையில அழுறவரு, பட்டறையில கடனுக்கு அலையுறாரு” என்றேன்.

டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். மச்சான் சிரிக்கவில்லை. கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல், வெளியூர் பர்னிச்சர் கம்பெனியில் கூப்பிடுகிறார்கள் என்றார். மாசக் கடைசிக்குள் மெஷினுக்குச் சம்மதிக்காவிட்டால் பங்கைப் பிரித்துக்கொண்டு போய்விடுவாராம்.

போகட்டுமே. போனா போகட்டும். யாருக்கு என்ன — அந்தப் பக்கம் யார் இழுக்கிறது?

மார்ச் 13

பேச்சு இல்லை. தட்டு மட்டும்.

மார்ச் 15

மச்சானுக்குப் பசை டப்பா வேண்டும். டப்பா என் காலடியில் இருக்கிறது. அவர் என் மனைவிக்கு ஃபோன் செய்தார். அவள் எனக்கு ஃபோன் செய்தாள். நான் காலால் டப்பாவைத் தள்ளிவிட்டேன்.

“நான் அடுப்பைப் பாக்குறதா, உங்க டப்பாவைப் பாக்குறதா? ரெண்டு கட்சியும் சேர்ந்து எனக்கு ஒரு சம்பளம் போடுங்க” என்றாள்.

மார்ச் 21

இன்று எங்கள் கட்சியின் தேர்தல் தெருமுனைக் கூட்டம். தொழிலாளி ஒருவர் பேசினால் நன்றாக இருக்கும் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தேன். கண்ணாடி பாவம் என்றாள் மனைவி.

மேடையில் ஏறினால், மனப்பாடம் செய்தது ஒரு வரிகூட நினைவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: “வேலை இல்லாதப்ப கடன் வாங்கி மெஷின் போட்டாத்தான், வேலை வர்றப்ப செய்ய முடியும். வயித்தைக் கட்டிக்கிட்டே இருந்தா, சாப்பாடு வர்ற அன்னிக்கு மெல்றதுக்குப் பல்லு இருக்காது.”

அப்படி ஒரு கைதட்டல். விசில்கூட வந்தது. செயலாளர் கட்டிப்பிடித்துக்கொண்டார். மிதப்பாகப் படியில் கால் வைத்தபோதுதான் உறைத்தது. ஐயோ, இது யார் பேச்சு?

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே மருந்துக்கடை வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், பேச்சின் சொந்தக்காரர்.

மார்ச் 22

பாதிப் பலகையில் ஒரு தட்டு கேட்டது. நிறுத்தினேன். மச்சான் மெஷினைச் சுற்றிக்கொண்டு என் பக்கம் வந்தார்.

“நேத்து நல்லா பேசுனீங்க மாப்ள.”

“உங்க பேச்சுதானே மச்சான்.”

“அதான் நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் தயங்கினார். “போன வாரம் எங்க கூட்டத்துல நானும் பேசுனேன். ‘இருக்கிறதை எண்ணெய் போட்டு ஓட்டுவோம்’னு. எந்திரிச்சு நின்னு கை தட்டுனாங்க.”

மரத்தூளில் உட்கார்ந்து சிரித்தோம். கண்ணில் தண்ணீர் வரும்வரை.

“கம்பெனிக்கு என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

அதோடு சிரிப்பு நின்றுவிட்டது.

மார்ச் 24

எனக்கு என்னதான் பயம்? கடனா? கட்டிலையே தவணையில் வாங்கிய தச்சன் நான். அதில்லை. புது மெஷின் வந்தால் அந்தப் பக்கம் ஆள் வேண்டாம். மெஷினையும் போட்டுவிட்டு, ஆள் வேண்டாம் என்று அவரும் கிளம்பிவிட்டால்?

மனைவியிடம் சொன்னேன். “இதை எங்க அண்ணன்கிட்ட சொல்ல வேண்டியதுதானே. அதுக்கு என்ன வட்டியா கேக்கப்போறாரு?” என்றாள்.

மார்ச் 25

சொன்னேன். உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டார்.

“ஒரு ஆள் போதும்னு சொன்னேன். ஒரு ஆள் போறேன்னு சொன்னேனா?”

“டீக்கடையில சொன்னீங்களே.”

“அது மெஷின் வராட்டி.”

மார்ச் 29

மெஷின் கடனுக்குக் கையெழுத்துப் போட்டாயிற்று. அது கோணலாக வந்ததற்கு வங்கிப் பேனாவைக் குறை சொன்னேன்.

மே 18

தேர்தலில் அவர் கட்சி ஜெயித்துவிட்டது. தெருவெல்லாம் ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்தார். எனக்கு இரண்டு. ஆறுதலாம்.

ஜூன் 10

சிக்கனக் கட்சி பதவிக்கு வந்து செய்த முதல் காரியம், கடன் வாங்கிப் பள்ளிக்கூடங்களுக்கு பெஞ்சு போடுவது. நாங்கள் சொல்லியிருந்தால் ‘ஊதாரித்தனம்’. அவர்கள் சொன்னதால் ‘அத்தியாவசியச் சீரமைப்பு’.

நம் தெருப் பள்ளிக்கூடத்து பெஞ்சு எங்களுக்கு வந்திருக்கிறது. பட்டறைக்கு வந்து, போன வாரம் இறங்கிய புது மெஷினைப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். மச்சான் என்னைப் பார்த்தார். நான் உத்தரத்தைப் பார்த்தேன்.

எங்கள் கட்சி சும்மா இருக்குமா? பற்றாக்குறை பெருகுகிறதாம். நாளை கண்டனக் கூட்டம். செயலாளர் ஃபோன் செய்தார், நீங்கதான் பேசணும் என்று.

பெஞ்சு வேலை இருக்கு, வர முடியாது என்றேன்.

ஜூன் 16

பெஞ்சுக்கான முதல் பலகையைப் புது மெஷினில் விட்டேன். அதுவே இழுத்துக்கொண்டது. மச்சானுக்கு பெஞ்சுக் கால் அறுக்கிற வேலை மலையாகக் கிடக்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் போய் நின்றார். வெளியே வந்த பலகையை எடுத்து, விரலால் தடவிப் பார்த்து, ஓரமாக வைத்தார்.

புது மெஷினில் அவ்வளவாகச் சத்தம் கிடையாது. வாயாலேயே சொல்லியிருக்கலாம்.

இரண்டு தட்டு தட்டினார்.

அடுத்த பலகையை எடுத்தேன்.