படகு முழுகின பழி

கார்த்திகை 22, சனி

மழை விட்டு மூன்று நாள். இன்று என் மகன் குமார் படகின் தார்ப்பாயை எடுத்தான். டூரிஸ்டை ஏற்றி உப்பங்கழியில் சுற்றும் எங்கள் மோட்டார் படகு. ஸ்டீயரிங் அடியில் குளவிக்கூடு. கட்டின கயிறு பாதிதான் இருக்கிறது. மீதி பக்கத்துப் படகுக்காரி போன வருடம் இரவல் வாங்கினது. நான் மறந்திருப்பேன் என்று நினைக்கிறாள்.

வேலை: அடியில் ஒட்டின சிப்பி சுரண்டணும். பழைய பெட்ரோல் எடுக்கணும். பேட்டரி முனை தேய்க்கணும். லைஃப் ஜாக்கெட் பதினாலு, துவைப்பது நான். மார்கழி பிறப்பதற்குள் பூசை போட்டு இறக்கணும்.

23, ஞாயிறு

எஞ்சினின் கியர் ஆயில் மோர் மாதிரி வெள்ளையாக வந்தது. உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. கடை மெக்கானிக் எட்டிப் பார்த்து குமாரிடம், "புச்சா வாங்கிடு நைனா" என்றான். வாய்க்கொழுப்பு.

குமார் தயங்கிக்கொண்டே, "மாமாவ கூப்டட்டாம்மா? அவரு கை வச்சாதான் இது கேக்கும்."

மாமா என்றால் என் மாப்பிள்ளை தேவராஜ், மகள் ராணியின் புருஷன். நாலு வருடமாக இந்தக் கரைக்கு வரவில்லை. விரட்டினது நான்.

"கூப்புடு" என்றேன். குமார் என் முகத்தை இரண்டு முறை பார்த்தான்.

24, திங்கள்

நல்ல வெயில். ஜாக்கெட் ஒன்பது துவைத்தாயிற்று.

எழுதிவிடுகிறேன். நாலு வருடம் முன்பு, பூசையன்று, இறக்கின அரைமணியில் படகின் பின்பக்கம் முழுகியது. மழைத்தண்ணீர் வடிவதற்கு அடியில் ஒரு ஓட்டை உண்டு. அதற்குத் திருகு மூடி. அன்று மூடி இல்லை. போடுவது மாப்பிள்ளை வேலை. "குடிச்சிட்டு மறந்துட்டான்" என்று அத்தனை படகுக்காரர் எதிரில் கத்தினேன். "முந்தா நாளே போட்டேன் அத்த" என்றார். ஒரே தடவை. பிறகு போய்விட்டார்.

அன்று சாயந்திரம் பூசைத் தாம்பாளம் கழுவும்போது குங்குமத்தின் அடியில் மூடி. காலையில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிப் படகைக் கழுவினது நான். தண்ணீர் வடியட்டும் என்று கழற்றினதும் நான். தலைதீபாவளிக்கு எடுத்த சட்டையை அவர் போடாதது வரைக்கும் சொல்லிக் காட்டுவேன். இதை யாரிடமும் சொல்லவில்லை.

25, செவ்வாய்

மாப்பிள்ளை வந்தார். தலை நரைத்துவிட்டது. ப்ரொப்பெல்லரைக் கழற்றினார். அச்சில் தூண்டில் நரம்பு சுற்றி, தண்ணீரைத் தடுக்கும் ஆயில் சீல் வளையத்தை அறுத்திருக்கிறது. அவ்வளவுதான் கோளாறு.

குமார் டீ வாங்கப் போன நேரம் மூடி விஷயத்தைச் சொன்னேன். அவர் ஸ்பானரைக் கீழே வைக்கவில்லை.

"எங்கிட்ட எதுக்கு? உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க அத்த. நாலு வருசமா என் வாய மோந்து பாத்துட்டுதான் சோறு போட்டுகினு கீறா."

டீ ஆறிப்போனது. அவர் குடிக்கவில்லை.

26, புதன்

பொத்தேரிக்குப் போனேன். ராணியின் டிபன் கடையில் காலேஜ் பிள்ளைகள் கூட்டம். தோசைக்கல் பக்கத்தில் நின்று சொன்னேன். தோசை கருகியது. அதை எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததை ஊற்றினாள்.

"அத்தினி பேரு எதுர்ல கத்தினியே. இங்க வந்து காதுல சொல்றியா? அங்க சொல்லு."

சாப்பிடு என்று சொல்லவில்லை.

28, வெள்ளி

பூசை. படகுக்காரர் எல்லாரும் வந்திருந்தார்கள். மாப்பிள்ளையும் வந்தார், எஞ்சின் ஓட்டிப் பார்க்கணும் என்று. கற்பூரம் ஏற்றும் முன் சொன்னேன். "அன்னிக்கு மூடிய கயட்டனது நானு. மாப்ள குடிக்கல. அவரு மேல தப்பு இல்ல."

 கரைக் கோடியில் படகு வைத்திருக்கும் கிழவன், "அட, அதுக்கு இன்னா இப்ப? தேங்காய ஒடம்மா, வெயிலு ஏறுது" என்றான். இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்களுக்கு எப்போதோ மறந்துபோன விஷயம்.

திரும்பிப் பார்த்தேன். மாப்பிள்ளை எஞ்சினுக்குள் தலையை விட்டு ஒரு நட்டை முடுக்கிக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இறுகின நட்டு. முடுக்கிக்கொண்டே இருந்தார்.