கழற்றிய தாழ்ப்பாள்

மார்ச் 3, திங்கள்.
கழிவறையில் தண்ணீர் இறங்க மறுக்கிறது. கழிவுத்தொட்டியைக் கடைசியாகச் சுத்தம் செய்தது சென்ற செப்டம்பர் 14. அதற்குள் நிரம்ப நியாயமில்லை. மருமகள் இந்த வீட்டுக்கு வந்தது நவம்பர் 20. வேறென்ன சாட்சி வேண்டும்? முடி, பஞ்சு, பிளாஸ்டிக் உறை என்று எதையோ உள்ளே போடுகிறாள். மகனிடம் சொன்னேன். "அவ குப்பைக்கூடையிலதான் போடுறாப்பா" என்றான். வக்காலத்து வாங்கவே பிறந்தவன்.

மார்ச் 5, புதன்.
தொட்டி என்பது ஒரு வயிறு. அதனுள் குடியிருக்கும் நுண்ணுயிர்கள் மக்குவதைத் தின்னும், மக்காததைத் தின்னா. இதைச் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன். மருமகள் பாதியில் எழுந்து போய்விட்டாள்.
சிறுநீர் கசிவுக்காக நான் மடித்து வைத்துக்கொள்ளும் கைக்குட்டைகள் வேறு விஷயம். அசல் பருத்தி, இரண்டே நாளில் கரைந்துவிடும். கொடியில் காயப்போட்டு ஊருக்குக் காட்டும் பொருளா அது?

மார்ச் 9, ஞாயிறு.
கழிவறைக் கதவின் உள்தாழ்ப்பாளைக் கழற்றினேன். மறைவு இருப்பதால்தானே கண்டதையும் போடத் துணிகிறாள்? உள்ளே இருப்பவர் குரல் கொடுத்தால் போதும் என்று அறிவித்தேன். மகன் என்னைப் பார்த்தான். பிறகு வேறெங்கோ பார்த்தான்.
எனக்குச் சிரமமில்லை. என் செருப்பு வெளியே கிடந்தால் ஒருவரும் கதவைத் தொடமாட்டார்கள்.

மார்ச் 10, திங்கள்.
தண்ணீர் இறங்கவில்லை.

மார்ச் 14, வெள்ளி.
மருமகள் உள்ளே இருப்பது தெரிந்தேதான் கதவைத் திறந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க வேறு வழி ஏது? முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "நான் மனுஷி இல்லையா மாமா?" என்றாள். குரல் கொடுத்திருக்கலாமே என்றேன்.

மார்ச் 19, புதன்.
இப்போதெல்லாம் அலுவலகத்திலேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு வருகிறாள். வீட்டில் தண்ணீர் குடிப்பதைக்கூடக் குறைத்துவிட்டாளாம். தொட்டிக்கு நல்லது.

மார்ச் 22, சனி.
கழிவு உறிஞ்சும் லாரி வந்தது. மருமகளைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். போட்டவளே பார்க்கட்டும் என்று. தொட்டிக்குள் வரும் குழாயின் வாயிலிருந்து டிரைவர் நீளக் கொக்கியால் ஒரு பொதியை இழுத்துத் தரையில் போட்டு, தண்ணீரைப் பீய்ச்சினான்.
கைக்குட்டைகள். ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகி— நீலக் கட்டம். மூலையில் என் பெயரின் முதலெழுத்து, காலஞ்சென்ற என் மனைவி தைத்தது. ஒன்றுகூடக் கரையவில்லை. பருத்திதானே? ஏன் கரையல?
"துணிக்கடையே வெச்சிருக்கீங்களே பெரியவரே" என்றான் டிரைவர்.
மகன் என்னைப் பார்த்தான். இம்முறை வேறெங்கும் பார்க்கவில்லை. மருமகள் திரும்பி வீட்டுக்குள் போய்விட்டாள். திட்டியிருக்கலாம்.

மார்ச் 23, ஞாயிறு.
தாழ்ப்பாளைத் திரும்பப் பொருத்தப் போனேன். மருமகள் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.
"வேணாம் மாமா. உள்ள இருக்கறவங்க குரல் குடுத்தா போதும்."

ஏப்ரல் 6, ஞாயிறு.
தண்ணீர் தடையின்றி இறங்குகிறது.
காலையில் உள்ளே இருந்தேன். செருப்பு வெளியில்தான் கிடந்தது. குரலும் கொடுத்தேன். கதவு திறந்தது. மருமகள் இல்லை, மகன்.
"என்ன போடுறீங்கன்னு பாக்கணும்லப்பா" என்றான். நான் கைக்குட்டையும் கையுமாக நின்றேன். குப்பைக்கூடையைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டுப் போனான். கதவைச் சாத்தவில்லை.
நானும் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டேன்.