இருசப்பனின் இடது கால்

14 நவம்பர் 2023, செவ்வாய்

ஆஸ்பத்திரியில் புகையிலைப் பழக்கத்தை நிறுத்தவைக்கும் பிரிவில் இன்று கூட்டம். பாதிப் பேர் மனைவி இழுத்து வந்தவர்கள். மீதிப் பேர் பல் டாக்டர் அறை என்று நினைத்து வந்தவர்கள்.

கடைசியாக இருசப்பன். கல்வராயன்மலை, வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம். மரவள்ளிக் காட்டில் கூலி வேலை. வயது முப்பத்தாறு. பீடியால் ரத்தக்குழாய் சுருங்கி அடைத்துக்கொள்ளும் வியாதி. இடது காலில் சுண்டுவிரலை எடுத்தாகிவிட்டது, பக்கத்து விரல் கறுக்கிறது. காலில் கட்டு, வாசலில் ஒற்றைச் செருப்பு.

"நிறுத்தினா கால் இருக்கும். நிறுத்தலன்னா போயிடும். எது வேணும்?" என்றேன்.

"இன்னா சார், கடையில கேக்கற மாதிரி கேக்கறீங்க."

மற்றவர்களுக்குக் கொடுக்கும் நிக்கோட்டின் சூயிங்கம் இவருக்குக் கூடாது. இந்த வியாதிக்கு நிக்கோட்டினே ஆகாது. பேச்சுதான் மருந்து. நான் டிப்ளமோவில் படித்தது சுவாசக் கருவிகள். பேச்சு பாடத்தில் இல்லை.

மீட்டரில் ஊதச் சொன்னேன். மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடை அளக்கும். 24. ஆறுக்குக் கீழே வந்தால் பீடி இல்லை என்று அர்த்தம்.

"பொய் சொன்னா இது காட்டிக் குடுத்துடும்" என்றேன். போலீஸ்காரனைப் பார்ப்பதுபோல மீட்டரைப் பார்த்தார்.

28 நவம்பர்

இருசப்பன் ஊதினார். 11. தினமும் ரெண்டே பீடி என்கிறார்.

நர்ஸ் ராஜாம்பாள் அக்கா, "ஒரு நல்ல வார்த்த சொல்லேன்டா. சிரிச்சா சம்பளத்துல புடிச்சுக்குவாங்களா?" என்றார்.

"கொறைஞ்சிருக்கு" என்றேன். நல்ல வார்த்தைதான் அது.

கால் குளிராமல் கதகதப்பாக வைத்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார் அறுவை சிகிச்சை டாக்டர்.

3 டிசம்பர்

மழை. துணி காயவில்லை.

12 டிசம்பர்

ரெண்டு வாரமாக ஒரு பீடிகூட இல்லை என்றார் இருசப்பன். ஊதினார். 14. மறுபடி ஊதச் சொன்னேன். 14.

"குடிக்கலீங்க சார். புள்ள மேல சத்தியம்."

"மீட்டருக்குப் புள்ளகுட்டி கிடையாது. அது பொய் சொல்லாது."

இந்தத் தடவை அவர் மனைவி செவ்வந்தியும் வந்திருந்தார். "வூட்டுல பீடி நாத்தமே இல்லீங்களே" என்றார். வழக்கமாக மனைவிகள் காட்டித்தான் கொடுப்பார்கள். இவர் புருஷன் பக்கம். விசித்திரம்.

கேஸ் ஷீட்டில் 'தொடர்ந்து புகைக்கிறார்' என்று எழுதினேன். டாக்டர் படித்தார். "நிறுத்தியிருந்தா வெரலோட விட்டுட்டுக் காத்திருக்கலாம். நிறுத்தலன்னா காத்திருந்து பிரயோஜனமில்ல." முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது. 26ஆம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்.

இருசப்பன் எழுந்தார். ஒற்றைச் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

26 டிசம்பர்

இருசப்பன் வரவில்லை. ஃபோன் போகவில்லை.

28 டிசம்பர்

மலைக்குப் போகும் மருத்துவ வண்டியில் ஏறிக்கொண்டேன். டிரைவர் கொளஞ்சியப்பன் வளைவுக்கு ஒரு தடவை புகையிலை எச்சிலைத் துப்புகிறார். "மொதல்ல என்னைத் திருத்து தம்பி" என்றார். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னேன்.

இருசப்பன் வீடு ஒரே அறை. ஜன்னல் இல்லை. விறகடுப்பு, அதை ஒட்டிப் பாய். அவர் வாசலில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தும் மறைக்கவில்லை.

"குடிக்கலன்னீங்க?"

"அப்போ குடிக்கல. நீங்கதான் குடிக்கறேன்னு எழுதிட்டீங்களே. சும்மா பேரு மட்டும் எதுக்கு சார்?"

செவ்வந்தி டீ போட உள்ளே கூப்பிட்டார். புகையில் கண்ணைத் திறக்க முடியவில்லை. பாய் ஏன் அடுப்புகிட்ட என்று கேட்டேன்.

"டாக்டருதான காலைக் கதகதப்பா வெச்சிக்கச் சொன்னாரு. பீடிய வுட்டதும் குளிரு வேற ஜாஸ்தியாப் பூட்டுச்சி. அன்னையிலேர்ந்து ராவெல்லாம் கங்குகிட்டதான் படுத்துக்கினு இருக்காரு."

டீயை வைத்துவிட்டேன். பையிலிருந்து மீட்டரை எடுத்து செவ்வந்தியை ஊதச் சொன்னேன். 19. நான் ஊதினேன். காலையில் 1, இப்போது 7.

அடுப்புப் புகை. விறகிலிருந்து வந்தாலும் பீடியிலிருந்து வந்தாலும் கார்பன் மோனாக்சைடு ஒன்றுதான். முதல் வருஷப் பாடம். தொண்ணூறு மார்க்.

இன்னாத்த படிச்சேன் நான்? புள்ள மேல சத்தியம்னு சொன்னாரே — மனுஷன் வாய்விட்டுச் சொல்றான், நான் நம்பரைப் பார்த்துக்கினு இருக்கேன். காலு போயிருக்கும். என் கையெழுத்துல.

"அப்போ நானும் பீடி குடிக்கறேன்னு எழுதிப்பீங்களா?" என்றார் செவ்வந்தி.

பாயை எதிர்ச் சுவர்ப் பக்கம் இழுத்துப் போட்டேன். வண்டியில் இருந்த கம்பளியைக் கொடுத்தேன். தப்பு என்னுது என்று இருசப்பனிடம் சொன்னேன். பீடியை அணைக்கவில்லை. "யோசிக்கறேன்" என்றார். நியாயம்.

29 டிசம்பர்

டாக்டரிடம் சொன்னேன்.

"மீட்டர் ரிப்பேரா?"

"மீட்டர் சரியா இருக்கு சார்."

பொங்கல் முடியும்வரை காத்திருக்கலாம் என்றார்.

2 ஜனவரி 2024

சாயங்காலம் இருசப்பன் ஃபோன். அவர் ஊரில் ஒரு பாறைகிட்டே போனால்தான் டவர் கிடைக்கும். செவ்வந்தி தோளைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்.

"வுட்டுட்டேன். எழுதிக்குங்க." வைத்துவிட்டார்.

3 ஜனவரி

"இன்னிக்கி இல்ல." வைத்துவிட்டார்.

4 ஜனவரி

"இல்ல."

9 ஜனவரி

"ஒண்ணு."

திட்ட வாய் வந்தது. "நாளைக்கும் ஃபோன் பண்ணுங்க" என்றேன். ராஜாம்பாள் அக்கா பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார். பாராட்டு என்று எடுத்துக்கொள்கிறேன்.

10 ஜனவரி

"இல்ல."

23 ஜனவரி

முந்தின நாளே இறங்கி, சின்னசேலத்தில் கேஸ் அடுப்பு வைத்திருக்கும் மச்சான் வீட்டில் தங்கிவிட்டு வரச் சொல்லியிருந்தேன். அதன்படி வந்தார். என்ன பிடித்தார், பிடிக்கவில்லை என்று முதலில் அவரைக் கேட்டேன். "ஒண்ணுமில்ல" என்றார். அப்புறம்தான் ஊதச் சொன்னேன். 3.

கறுத்த விரலை மட்டும் எடுப்பதாக முடிவு.

19 மார்ச், செவ்வாய்

கொளஞ்சியப்பன் இன்றும் வரவில்லை.

இருசப்பன் வந்தார். 2. புண் ஆறிவிட்டது என்று கட்டைப் பிரித்து அனுப்பிப் பத்து நாளாகிறது. ஊதிவிட்டு வெளியே போனவர் போன வேகத்தில் திரும்பி வந்தார்.

"சார், வாசல்ல வுட்ட செருப்பக் காணோம். புதுசு."

"எந்தக் கால் செருப்பு?"

"ரெண்டுந்தான்."

வாசல்வரை போய்ப் பார்த்தேன். இல்லை. இருசப்பன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த இடத்தையே முறைத்துக்கொண்டு நின்றார்.

"அத்தினி மாசமா ஒத்தச் செருப்ப இங்கியேதான் வுட்டுட்டு வந்தேன். ஒருத்தன் தொடல சார்."