இரண்டு பாரெண்டுக்கு ஒரு பரோல்

ஆற்றங்கரை முகாம், கூடாரம் 212,
ஃப்ரீ ஸ்டேட், தென்னாப்பிரிக்கா.
9 பிப்ரவரி 1902

இலங்கை, தியத்தலாவைப் போர்க்கைதிகள் முகாமில் இருக்கும் என் கணவர் பாரெண்ட் ஸ்டீன்காம்ப் அவர்களுக்கு, ஹெஸ்டர் அன்போடும் ஆத்திரத்தோடும் எழுதிக்கொண்டது.

ஆங்கிலேயர் நம் குடும்பங்களை அடைத்து வைத்திருக்கும் இந்த முகாமில் நான் பிழைத்துக் கிடக்கிறேன். லெனி இன்னும் மருத்துவக் கூடாரத்தில்தான் இருக்கிறாள். தட்டம்மை இறங்கிவிட்டது, நெஞ்சுச் சளி இறங்கவில்லை. பகலில் ஒரு மணி நேரம்தான் பார்க்க விடுகிறார்கள். அப்பா கப்பலில் வருகிறார் என்று அவளிடம் சொல்லி வைத்திருந்தேன்.

போன செவ்வாய்க்கிழமை கூடார வாசலில் ஓர் ஆண் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். நீங்கள்தான் என்று கையில் இருந்த சோளமாவைக் கொட்டிவிட்டு ஓடினேன். நின்றது உங்கள் சித்தப்பா மகன், செம்பட்டை பாரெண்ட்.

இனி ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தால் கிடைக்கும் பரோலை உங்களுக்குக் கேட்டு நவம்பரில் நான் மனுக் கொடுத்தேன். முழுப் பெயர், மாவட்டம் எல்லாம் எழுதினேன். தாத்தா பெயரைத் தலைப்பிள்ளைக்கு வைக்கிற குடும்பத்தில் உங்கள் அப்பாவும் வைத்தார், சித்தப்பாவும் வைத்தார். ஊரில் நெட்டை, செம்பட்டை என்று பிரித்துக் கூப்பிட்டோம். கர்னலுக்குப் போகும் மனுவில் 'நெட்டை பாரெண்ட்' என்று எழுதுவதா என்று வெட்கப்பட்டு விட்டுவிட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழியை உடைத்தவள் நான்தான்.

அந்த மனுவும் சும்மா நகரவில்லை. ஜாமீன் கேட்டார்கள். ஆங்கிலேயரிடம் கைதூக்கிச் சரணடைந்த என் அண்ணன் ஆண்ட்ரீஸைத் தவிர யாருடைய கையெழுத்து அங்கே செல்லும்? அவன் வாசலை மிதிக்கக் கூடாது என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. மிதித்தேன். அவன் மனைவி காபியை நீட்டிக்கொண்டே, "இப்பதான் எங்க வீட்டுக்கு வழி தெரிஞ்சுதா நாத்தனாரே?" என்று கேட்டாள். குடித்துவிட்டு வந்தேன்.

முகாமில் அதற்கும் சேர்த்து வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்தில் பக்கத்துக் கூடாரத்து மார்த்தா, "அண்ணன் கையைத் தூக்கினான், தங்கச்சி கையை நீட்டிட்டா" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டு இடம் மாறி உட்கார்ந்தாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள் செத்துவிட்டன.

செம்பட்டையைப் பார்த்ததும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. "என் புருஷன் பேரைத் திருடிட்டு வந்து நிக்கிறியே, உனக்கு வெட்கமா இல்லையாடா?" என்று கத்தினேன். அவன் நிமிராமல் சொன்னான்: "திருடலை அண்ணி. அங்க கைதிகள் வரிசையில ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துலதான் நின்னோம். பேரைப் படிச்சாங்க. ஜாமீன் ஆண்ட்ரீஸ்னும் படிச்சாங்க. கூப்பிட்டது தன்னைத்தான்னு நெட்டை அண்ணனுக்குத் தெரியும். 'நீ போடா, அந்தத் தாள்ல கையெழுத்துப் போட எனக்குக் கை வராது'ன்னு என்னை முன்னால தள்ளிவிட்டுட்டார்."

வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்து எதிரிக்கு வாக்குக் கொடுப்பது உங்களுக்கு எவ்வளவு பெரிய பாவம் என்று எனக்குத் தெரியாதா? நம் மகன் ஃபிலிப்பைப் புதைத்த அன்று நானும் அப்படித்தான் இருந்தேன். செத்தாலும் இவர்களிடம் எதையும் கேட்கமாட்டேன் என்றேன். அது அக்டோபர். நவம்பரில் லெனிக்குக் காய்ச்சல் வந்தது.

செம்பட்டை வந்த பிறகு மறுபடியும் முகாம் அலுவலகத்துக்குப் போனேன். பாரெண்ட் ஸ்டீன்காம்ப் வந்து சேர்ந்துவிட்டதாகப் பதிவேட்டில் இருக்கிறது, ஒரு மனுவுக்கு இரண்டு ஆளா என்று அதிகாரி கேட்டார். செம்பட்டை, "நானே போய் உண்மையைச் சொல்றேன் அண்ணி, என்னைத் திருப்பி அனுப்பட்டும்" என்றான். தாயில்லாத அவன் பிள்ளைகள் இரண்டும் அவன் கோட்டைப் பிடித்துக்கொண்டே நின்றன. போக வேண்டாம் என்று நான்தான் தடுத்துவிட்டேன். நீங்கள் அவனைத் தள்ளிவிட்டது அந்தப் பிள்ளைகளுக்காகவும்தான் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால் கொஞ்சம் தூக்கம் வருகிறது.

இனி ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. கைதியே தன் கைப்பட எழுதிக் கேட்டால் ஆண்ட்ரீஸின் ஜாமீன் செல்லுமாம். நான் எத்தனை மனு போட்டாலும் பயனில்லை. இந்தக் கடிதம் உங்களிடம் வர ஐந்து வாரம் ஆகும். மே மாதக் குளிர் தொடங்கினால் லெனியின் நெஞ்சு தாங்காது என்று டாக்டர் சொல்கிறார்.

நம் நாட்டுக்கு வாக்குக் கொடுத்ததுபோல, திருமணத்தன்று ஆண்டவர் முன்னால் நீங்கள் எனக்கும் ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள். இரண்டில் எதை உடைத்தாலும் பாவம்தான். எதை உடைப்பது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள்.

கையெழுத்துப் போட்டால் உடனே எழுதுங்கள். போட மனமில்லை என்றால் மட்டும் பதில் எழுத வேண்டாம். தபால் தாமதம் என்று லெனியிடமும் சொல்வேன், என்னிடமும் சொல்லிக்கொள்வேன். கர்த்தர் உங்களுக்குத் துணையிருப்பாராக.

உங்கள்,
ஹெஸ்டர்