கமலா அழாத நாள்

1946, தை மாதம், வெள்ளி இரவு.

பக்கத்துப் போர்ஷன் கமலா மத்தியானம் வந்தாள். இந்த வாரப் பத்திரிகையில் என் கதையைப் படித்துவிட்டாளாம். அவள் புருஷன் அவளை விட்டுப் போன நாளைத்தான், பெயரை மாற்றி எழுதியிருந்தேன்.

"எழுதினது போகட்டும் மாமி. எதுக்கு என்னை வாசப்படியில விழுந்து அழ வெச்சேள்? நான் அன்னிக்கு அழலையே!"

முடிவு உருக்கமாக இருக்கட்டும் என்று பத்திரிகை ஆசிரியர் கேட்டார். அதற்காகச் சேர்த்த அழுகை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"தெருவுல எல்லா ஆத்துலயும் படிச்சாச்சு. அது நான்தான்னும் தெரிஞ்சாச்சு. இனிமே நான் அழலைன்னா யார் நம்புவா?"

காபி கலக்கிறேன் என்று உள்ளே போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை.

அன்று அவள் புருஷன் பெட்டியோடு இறங்கிப் போனபோது அவள் குழாயடியில் நிமிர்ந்து நின்று குடத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான்.