மீதமுள்ள மூன்று ஆண்டுகளை என் மகளுக்கு மாற்றித் தரக் கோரி

அனுப்புநர்:
ல. ரத்தினபாய்,
க/பெ. லாசரஸ் (காலஞ்சென்றவர்),
மாதா கோயில் 2ஆவது தெரு,
கடப்பேரி, மேற்கு தாம்பரம்.

பெறுநர்:
உயர்திரு வருவாய்க் கோட்டாட்சியர் அவர்கள்,
தாம்பரம்.

பொருள்: முதல் தலைமுறைப் பட்டதாரிக்கான கல்விக் கட்டணச் சலுகை – மகன் எபி ஓர் ஆண்டு மட்டுமே பயன்படுத்தியது – எஞ்சியதை மகள் ஜென்சிக்கு மாற்றித் தர வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் சிறுசேரியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் உணவகத்தில் பரிமாறும் வேலை செய்கிறேன். என் மகள் ஜென்சிக்கு இந்த ஆண்டுப் பொறியியல் கலந்தாய்வில் வண்டலூர் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்துள்ளது. இம்மாத இறுதிக்குள் சேராவிட்டால் இடம் கைவிட்டுப் போய்விடும். அவள் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி என்பதால் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான கட்டணமில்லா ஒதுக்கீட்டில் வரமாட்டாள்.

1. எங்கள் குடும்பத்தில் பட்டம் பெற்றவர் எவருமில்லை. ஆனாலும் முதல் பட்டதாரி சான்றிதழ் கேட்டு ஜென்சி கொடுத்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன் என் மகன் எபி அதே சான்றிதழைப் பெற்று, பொறியியலில் சேர்ந்து, சலுகையில் ஓர் ஆண்டு படித்தான். குடும்பத்தில் ஒருவருக்குத்தான் என்பது விதி. அலுவலர் அதைப் பொறுமையாகவே விளக்கினார், அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. விதியின் மேல்தான் வருத்தம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி சான்றிதழ் இருக்கிறது, பட்டதாரிதான் இல்லை.

2. எபி சோம்பேறித்தனத்தால் படிப்பை விடவில்லை. இரண்டாம் ஆண்டு தொடங்கும் நேரத்தில் அவன் அப்பா இறந்தார். வாடகையும் தங்கையின் படிப்பும் என் ஒருத்தி சம்பளத்தில் நடக்காது என்று அவனே முடிவு செய்து, வீடுவீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் சேர்ந்துவிட்டான். நான் அழுதேன். பிறகு அவன் கொண்டுவந்த சம்பளத்தை வாங்கியும் கொண்டேன்.

3. ஜென்சிக்கு இடம் கிடைத்த சந்தோஷத்தில் உணவகத்தில் இனிப்பு கொடுத்தேன். எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்த ஸ்ரீநிவாசன் சார் அந்த மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். "கங்கிராட்ஸ்க்கா. ஆனா இந்தச் சலுகையெல்லாம் எங்க டாக்ஸ் பணம்தானே. உங்க பையன் மாதிரி பாதியில விட்டுட்டா யாருக்கு நஷ்டம்?" என்று கேட்டார். கெட்ட மனதோடு கேட்கவில்லை. வேனில் வீடு திரும்பும்போது கேளம்பாக்கம் வரை எனக்குக் கோபமாக இருந்தது. வண்டலூர் வருவதற்குள் அவர் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது.

4. வரி கட்டுபவர் கணக்குக் கேட்கத்தான் வேண்டும். நானும் கேட்பேன், நானும் கட்டுகிறேன். சோப்பையும் செருப்பையும் யாரும் எனக்கு வரி இல்லாமல் கொடுப்பதில்லை. என் கணவர் அரசு மதுக்கடையில் கட்டிய வரி திரும்பக் கிடைக்குமென்றால் ஜென்சியை டாக்டருக்கே படிக்க வைக்கலாம். அதற்காக எல்லோருக்கும் இலவசமாகக் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. காரில் வந்து இறங்கும் பிள்ளைக்கும் சேர்த்து அரசு கட்டணம் கட்டினால் எனக்கே மனம் ஒப்பாது. ஆனால் படிப்பு எட்டாத வீட்டில் ஒருவரைக் கரையேற்றிவிட்டால், அந்த வீட்டின் அடுத்த தலைமுறை சலுகை கேட்டு வராது, வரி கட்டும். அதற்கு உதவாத வரிப்பணம் வேறு எதற்கு என்று எனக்குத் தெரியவில்லை.

5. ஆகவே நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் ஒருவருக்கு நான்கு ஆண்டுப் படிப்பு என்று அரசு ஏற்றது. அதில் ஓர் ஆண்டு செலவாகிவிட்டது. ஜென்சியின் முதல் ஆண்டை நானும் எபியும் எப்பாடுபட்டாவது கட்டிவிடுகிறோம். மீதி மூன்றை அவள் பெயருக்கு மாற்றித் தாருங்கள். அரசுக்குக் கூடுதல் செலவில்லை. இதைச் சொன்னபோது ஸ்ரீநிவாசன் சார், "இது நியாயம்க்கா, மனு போடுங்க" என்றார். இதைத் தட்டச்சு செய்து தந்தவரும் அவரே. மீதி மூன்று ஆண்டுக்கு வழி தெரியாமல் சேர்த்துவிட்டு, இவளையும் பாதியில் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை.

6. எங்கள் தெருவில் ஒருவர் சுலபமான வழி சொன்னார். "இன்னாத்துக்குக்கா இவ்ளோ பேஜாரு? ரேஷன் கார்டுலேர்ந்து பையன் பேரை எடுத்துடு. ஒரே பொண்ணுன்னு எழுதிக் குடு, யாரு கேக்கப் போறா?" எபியும், "எடுத்துடும்மா, எனக்கு ஒண்ணும் இல்ல" என்றான். உறுதிமொழிப் படிவத்தில் உடன்பிறந்தோர் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுத உட்கார்ந்தேன். எழுத முடியவில்லை. தங்கை படிக்க வேண்டுமென்று தன் படிப்பை விட்டவனை, அதே தங்கையின் படிப்புக்காக இல்லாதவன் என்று பெற்றவளே எப்படி ஐயா எழுதித் தருவாள்?

எனக்கு இரண்டு பிள்ளைகள். அதை மறைக்காமலேயே ஜென்சி படிக்க ஒரு வழி செய்து, மாத இறுதிக்குள் ஆணையிடும்படி தங்களை மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: மேற்கு தாம்பரம்
நாள்: 11.08.2025

இப்படிக்கு,
ல. ரத்தினபாய்
(எபி, ஜென்சி ஆகியோரின் தாய்)